16 கண்ணிவெடிகள், ஒரு சாயச் சோதனை: யார் இந்த பீட்டர் டாங்க்வெர்ட்ஸ்?

1940. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் பாராசூட்டில் கடல் கண்ணிவெடிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம். வெடிக்காமல் கிடந்தவற்றால் லண்டன் துறைமுகமே முடங்கிப்போனது. அவற்றைச் செயலிழக்க வைக்கப் போனவர்களில் ஒருவர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ். இந்த வேலைக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. கிட்டத்தட்ட ஓய்வே எடுக்காமல் 48 மணி நேரத்தில் 16 வெடிகளைக் கையாண்டார். அதே ஆண்டு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

ஆனால் இன்று கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்கள் அவர் பெயரைப் படிப்பது வேறொரு காரணத்துக்காக.

வெடியிலிருந்து வேதியியலுக்கு

1916-ல் பிறந்த டாங்க்வெர்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். போரில் சிசிலியில் காயமடைந்தார். போர் முடிந்ததும் அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போய் கெமிக்கல் இன்ஜினீயரிங் கற்றார். 1948-ல் கேம்பிரிட்ஜில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

சராசரி மறைத்த விஷயம்

1,000 லிட்டர் தொட்டி. நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் உள்ளே வருது, அதே அளவு வெளியே போகுது. அப்படின்னா தண்ணீர் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கும்? 10 நிமிடம்னு சொல்லிடலாம். அது சராசரி மட்டும்தான்.

தொட்டி நன்றாகக் கலக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் நுழைந்த 100 துளிகளில் சுமார் 10 துளிகள் முதல் நிமிடத்திலேயே வெளியேறிவிடும். 13, 14 துளிகள் 20 நிமிடம் தாண்டியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளோரின் கிருமியைக் கொல்ல நேரம் வேண்டும். முந்திப் போன அந்த 10 துளிகளுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. ஆபத்து அங்கேதான்.

1953: உள்ளே பார்க்க வேண்டாம், வாசலில் நில்லுங்கள்

மூடிய கலனுக்குள் ஓட்டம் எப்படி வளைந்து நெளிந்து போகிறது என்று கணக்கிடுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். ஒவ்வொரு துளியும் எவ்வளவு நேரம் தங்கும் என்ற யோசனை 1935-லேயே ஆய்வாளர்களிடம் இருந்தது. அதை எந்தக் கலனுக்கும் பொருந்தும் முறையாக டாங்க்வெர்ட்ஸ் 1953-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார். அதுதான் தங்கும் நேரப் பரவல்.

செய்முறை எளிது. நுழைவாயிலில் கொஞ்சம் சாயமோ உப்போ விட வேண்டும். வெளிவாயிலில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளந்து வரைபடம் போட வேண்டும். சாயம் சீக்கிரமே பாய்ந்து வந்தால், உள்ளே குறுக்கு வழி இருக்கிறது. வால் போல நீண்டுகொண்டே போனால், எங்கோ ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. கலனைத் திறக்காமலே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வரைபடத்தின் குறையையும் அவரே எடுத்துக்காட்டினார். ஒரே மாதிரி வரைபடம் தரும் இரு கலன்களில், உள்ளே திரவம் கலக்கும் விதம் வேறாக இருக்கலாம். வேதிவினையின் பலனும் மாறலாம். 1958-ல் வந்த அவரது கட்டுரை இதைத்தான் பேசியது.

இன்று எங்கே உதவுகிறது?

குடிநீர்ச் சுத்திகரிப்பில் சராசரி நேரத்தை மட்டும் நம்புவதில்லை. முதல் 10% தண்ணீர் வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். அந்த நேரம் குறைவாக இருந்தால், தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டித் தண்ணீரைச் சுற்றிப் போக வைக்கிறார்கள். பால் பதப்படுத்தும் ஆலையிலும் இதே கவலைதான்: வேகமாக ஓடும் பாலுக்கும் போதுமான நேரம் சூடு கிடைக்க வேண்டும்.

டாங்க்வெர்ட்ஸ் 1959 முதல் 1977 வரை கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தார். 1984-ல் மறைந்தார். புதுத் தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பொறியாளர்கள் இன்றும் உள்ளே சாயம் விட்டு, கடிகாரத்தோடு வெளிவாயிலில் காத்திருக்கிறார்கள்.