வறண்ட மண்ணின் தோட்டக்காரர் பேட்ரிக் கெடிஸ்

பெரும் சேட்டைக்காரரை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே எம்டன். அடுத்த மாதம் அதே கப்பல், இந்தியாவை நோக்கி வந்த கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலைக் கடலில் மூழ்கடித்தது. உலக நகரங்களைப் பற்றிய வரைபடங்களும் ஓவியங்களும் பெட்டி பெட்டியாக அதனுள் இருந்தன. பல்லாண்டு உழைத்து அவற்றைச் சேர்த்த பெரியவர் வேறொரு கப்பலில் தம் மகனுடன் வந்துகொண்டிருந்தார். கரையிறங்கிய பின்பு தம் உழைப்பெல்லாம் கடலுக்கு இரையானதை அறிந்தார். அவருக்கு அப்போது வயது அறுபது. அவர் ஊர் திரும்பவில்லை. நண்பர்களுக்கு எழுதி, புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்பச் செய்து, 1915 ஜனவரியிலேயே சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். அவர்தாம் பேட்ரிக் கெடிஸ்.

அவரை நாங்கள் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நம் போடிநாயக்கனூர் மலையின் மழை மறைவில் கிடக்கும் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் மழை கொட்டும். நமக்கோ காற்றும் தூசியும்தான் இறங்கி வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துக்கொண்டே நாம் ஆண்டை ஓட்டவேண்டும். சென்ற கோடையில் எங்கள் பள்ளியின் முன்புறப் புல்தரை பங்குனியிலேயே பழுத்துவிட்டது. குரோட்டன்ஸ் தொட்டிகளும் தப்பவில்லை. கொஞ்சம் தண்ணீரில் தோட்டம் போட்டவர் உலகில் யாரேனும் உண்டா என்று நூலகத்தில் தேடியபோது கிடைத்த பெயர் இது.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில்தான் நம் காந்தியடிகள் பிறந்தார் என்பது ஓர் இனிய ஒற்றுமை. தந்தை ஒரு போர்வீரர். பெர்த் நகருக்கு அருகே மலைச்சரிவில் இருந்த அவர்களுடைய வீட்டுத் தோட்டமே சிறுவனின் முதல் பள்ளிக்கூடம். பின்னர் இலண்டனில் புகழ்பெற்ற ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார்.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றவருக்குத் திடீரெனக் கண்பார்வை மங்கியது. இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நாட்கணக்காகக் கிடக்க நேர்ந்தது. இருபத்தைந்து வயது இளைஞருக்கு இதைவிட வேறென்ன துன்பம் வேண்டும்? ஒருநாள் கைகளால் தடவியபோது சன்னலின் கட்டங்கள் விரலில் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை மனத்தால் எழுதி, ஒன்றோடொன்றை இணைத்துச் சிந்திக்கத் தொடங்கினார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்க்கும் வலிமை திரும்பவில்லை. சிறு உயிரணுக்களை ஆராய வேண்டியவர், மலையையும் ஆற்றையும் ஊரையும் ஒருசேரப் பார்ப்பவராக மாறினார்.

1886இல் அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். இருவரும் வசதியான வீட்டை விட்டு, எடின்பரோ நகரின் அழுக்கடைந்த பழைய குடியிருப்பில் ஏழைகளோடு போய்க் குடியேறினர். தாமே சுண்ணாம்பு அடித்தனர். சன்னலோரங்களில் பூச்செடி வைத்தனர். அயலாரும் அதைக் கண்டு செய்யலாயினர். சேரிகளில் பணிபுரியும் நம் அருட்சகோதரியரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1888 முதல் 1919 வரை டண்டி நகரில் தாவரவியல் பேராசிரியர் பதவியும் அவரிடம் இருந்தது. அவர் ஓயாது பேசுவார் என்றும், பேச்சுப் பாதி தாடிக்குள்ளேயே போய்விடும் என்றும் அறிகிறோம். எங்கள் வகுப்பில் பாடம் நடத்தியிருந்தால் கடைசி வரிசைத் தோழியர் திண்டாடியிருப்பார்கள்!

1896-97இல் தம்பதியர் சைப்ரஸ் தீவுக்குச் சென்றனர். உறவும் ஊரும் இழந்து வந்த ஆர்மீனிய அகதிகளுக்குப் பட்டுப்புழு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் ஏற்படுத்திக் கொடுக்கவே அப்பயணம். மத்தியதரைக்கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுதும் வானம் பொய்க்கும். காடழிந்த மலையில் மண்ணும் நிற்காது, நீரும் நிற்காது என்பதையும், மக்களின் வறுமை நிலத்தின் வறுமையோடு பின்னிக் கிடப்பதையும் அவர் அங்கே கண்ணாரக் கண்டார்.

அவர் வரைந்த படங்களில் எங்களை மிகவும் கவர்ந்தது பள்ளத்தாக்கின் குறுக்குத் தோற்றம். மலையுச்சி தொடங்கிக் கடல்வரை நிலம் சரிவதை ஒரே கோட்டில் காட்டி, எந்த உயரத்தில் எந்தத் தொழில் என்று குறித்திருப்பார்: மேலே மரம் வெட்டுபவர், வேடர், நடுவே இடையர், உழவர், கடைசியில் மீனவர். அதைப் பார்த்து நாங்கள் நம் ஊரையே வரைந்தோம். உச்சியில் நிழல்மரங்களுக்கடியில் ஏலம், அடுத்துக் காப்பி, குரங்கணிச் சரிவில் இலவம், அடிவாரத்தில் மா, கீழே பருத்தியும் தென்னையும், நடுவே கொட்டக்குடி ஆறு இறங்கி வைகையைத் தேடிப் போகிறது. எந்தச் செடி எங்கே நிற்கவேண்டும் என்று மலையே முடிவு செய்திருப்பது அப்போது விளங்கியது.

சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் வந்த கெடிஸ், தஞ்சை, மதுரை முதலிய நம் நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். அக்காலப் பொறியாளர்கள் நெரிசலான தெருக்களை இடித்து நேர்சாலை போட விரும்பினர். இவரோ பாழடைந்த சுவர்களை மட்டும் அகற்றி, கிடைக்கும் சிறு வெளிகளில் மரம் வைத்தாலே போதும் என்று வரைந்து காட்டினார். செலவும் குறைவு, வீடிழப்போரும் சிலரே. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கவேண்டும் என்றபோதும் அவர் உடன்படவில்லை. குளம் ஊரைக் குளிர்விக்கிறது. தூர்வாரி மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றார். வீட்டுக் கழிவுநீரைப் பெருஞ்செலவில் ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிடத் தோட்டத்துக்குத் திருப்புவதே அறிவுடைமை என்பதும் அவர் கொள்கை. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை!

1917ஆம் ஆண்டு அவரை நொறுக்கிய ஆண்டு. மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் மாண்டான். அன்னா அம்மையாரோ அப்போது இந்தியாவில் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. சில வாரங்களில், மகன் உயிரோடிருக்கிறான் என்ற நினைப்பிலேயே அந்தத் தாய் கண்மூடினார். அவர் மறைத்தது சரியா, தவறா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. எட்டாம் கட்டளையை எடுத்துக் காட்டியவர்களும் உண்டு; கண்ணீர் விட்டவர்களும் உண்டு.

அத்துயரை நெஞ்சில் சுமந்தபடியே அவர் இந்தூரில் பணியாற்றினார். கொள்ளைநோய் பரவிய அந்நகரில் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, மிகத் தூய்மையான தெருக்கள் வழியேதான் போகும் என்று அறிவிக்கச் செய்தார். மக்கள் போட்டி போட்டுக்கொண்டு குப்பை அள்ளினர். ஊர்வலத்தில் துளசிக் கன்றுகள் சிறு தொட்டிகளில் வழங்கப்பட்டன. தண்ணீர் கொஞ்சமும் பயன் அதிகமுமான செடியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்ததில் அவருடைய தாவரவியல் முழுதும் இருக்கிறதென்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபின், 1924இல் உடல்நலம் கருதித் தென் பிரான்சின் மொன்பெல்லியே நகருக்குச் சென்றார். அங்கே அவர் தேர்ந்தெடுத்த இடம் வளமான நிலமன்று. சுண்ணாம்புப் பாறையும் முட்புதருமாகக் கிடந்த மேடு. அத்தகைய நிலத்தை அந்நாட்டார் காரிக் என்பர். அதில் தைம், ரோஸ்மேரி, குட்டைக் கருவாலி போன்றவை தாமே வளரும். இலை சிறியது, அல்லது தடித்தது. சிலவற்றில் மணமுள்ள எண்ணெய். வேரோ பாறை இடுக்கில் வெகுதூரம் ஓடும். நம் ஊர் ஆவாரையும் நொச்சியும் வாழும் வாழ்வும் ஏறக்குறைய இதுதானே! நம் சாலையோர அரளிகூட அந்நாட்டு வறண்ட ஓடைக்கரைகளில் தானாகப் பூப்பதுதான். கெடிஸ் அந்த மேட்டில் படிப்படியாகத் தோட்டங்களும், மாணவர் தங்கிப் பயில ஒரு கல்லூரியும் அமைத்தார். 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்து கொடுத்தபோதும் வீட்டுத் தோட்டங்களுக்கே முதலிடம் தந்தார்.

1932இல் சர் பட்டம் பெறுவதற்காகக் குளிரில் இலண்டன் போனவர் நோயுற்றுத் திரும்பினார். ஏப்ரல் 17ஆம் நாள் அந்தப் பாறை மேட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது.

எங்கள் பள்ளியின் பின்புறம் ஒரு பழைய கிணறு உண்டு. அதைத் தூர்த்து மிதிவண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கெடிஸின் கதையையும் நாங்கள் வரைந்த மலைப்படத்தையும் இணைத்துத் தலைமையாசிரியை அம்மாவிடம் விண்ணப்பம் கொடுத்தோம். படித்துப் பார்த்துச் சிரித்தார்கள். தூர்வார எத்தனை ஆள் வேண்டும் என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கை கழுவும் குழாயிலிருந்து கிணற்றடி வரை வாய்க்கால் வெட்டி முடித்துவிட்டோம். ஐப்பசி மழைக்காக ஆவாரை விதைகள் காகிதப் பையில் காத்திருக்கின்றன.