நிலாவரையும் ஒரு பேராசிரியரும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் பருத்தி, கம்பு, உளுந்து ஆகியவற்றோடு நிலாவரையும் விளைகிறது. மலமிளக்கி மருந்துக்குரிய அதன் இலையும் காயும் நெடுங்காலமாகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியே வெளிநாடு செல்கின்றன. மருந்தியல் பாடநூல்கள் அதனைத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே குறிக்கின்றன. ஊரின் பெயர் பாடநூலில் ஏறிவிட்டது; அந்த இலையைச் சோதித்து மருந்தாக்கும் படிப்பு இந்நாட்டுக்கு வரக் காலம் பிடித்தது. அதனை இந்தியப் பல்கலைக்கழகத்தில் முதலில் நிலைநிறுத்தியவர் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப்.

1902-ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று பிகார் மாநிலம் தர்பங்காவில் பிறந்த அவர், அமெரிக்காவில் வேதியியல் பயின்று திரும்பினார். அன்றைய இந்தியாவில் கலப்பட மருந்துகளும் போலி மருந்துகளும் மலிந்திருந்தன. மருந்து கலப்போர் பலர் முறையான பயிற்சி பெறாதவர்கள். 1930-இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு இந்நிலையை ஆராய்ந்து, சட்டக் கட்டுப்பாட்டோடு கல்வியும் தேவை என்று பரிந்துரைத்தது.

பரிந்துரை எளிது; கற்பிக்க ஆள் வேண்டுமே! மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலைப் பட்டப்படிப்பின் ஒரு பாடமாக ஷ்ராஃப் தொடங்கினார். 1937-இல் அது மூன்றாண்டு பி.ஃபார்ம் படிப்பாக வளர்ந்தது. அவரிடம் பயின்றவர்களிலிருந்தே அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் உருவாயினர். 1939-இல் துறைக்கென ஓர் ஆய்விதழையும் அவர் தொடங்கினார். 1943-இல் காசியை விட்டு விலகிய பின்னரும் பிலானியில் மருந்தியல் கல்வியை வளர்த்தார். 1940-இல் மருந்துச் சட்டமும் 1948-இல் பார்மசி சட்டமும் வந்தபோது, அவற்றை நடைமுறைப்படுத்தத்தக்க பட்டதாரிகள் சிலரேனும் நாட்டில் இருந்தனர். 1971-இல் அவர் மறைந்தார். அவருடைய பிறந்தநாள் இன்று தேசிய மருந்தியல் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் விட்டுச்சென்ற பாடத்தை ஒரு கரிசல் செடியைக் கொண்டே விளக்கலாம். நிலாவரை இலையில் ஆவாரை இலையைக் கலப்பது பழைய கலப்படம். ஆவாரையில் மலமிளக்கும் அந்தச் சத்து இல்லை. கந்தக அமிலம் பட்டால் ஆவாரை இலை செந்நிறம் காட்டும், நிலாவரை காட்டாது. இதை மாணவன் பாடநூலில் படித்தால் மட்டும் போதாது. நுண்ணோக்கியின் அருகில் நின்று காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். அமிலத்தையும் கண்ணாடித் தகட்டையும் ஆயத்தமாக வைக்க ஓர் ஆய்வக உதவியாளர் வேண்டும். மூலிகைத் தோட்டத்துக்கு நீர் ஊற்ற ஒருவர் வேண்டும். இவர்கள் சேர்ந்ததே கல்லூரி. கட்டடம் அவர்களுக்கு நிழல் மட்டுமே.

பொருளாதாரத்தில் இதனை மனித மூலதனம் என்கிறோம். இயந்திரம் வாங்கிய அன்றே வந்துவிடும். ஆசிரியர் உருவாகப் பத்தாண்டு ஆகும். எனவே செலவைக் குறைக்க முனையும் நிர்வாகங்களின் கண் முதலில் சம்பளப் பட்டியலில்தான் விழுகிறது. அந்தச் சேமிப்பின் விலையைக் கல்லூரி கொடுப்பதில்லை. பின்னாளில் நோயாளி கொடுக்கிறார்.

வானம் பார்த்த பூமியில் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் பி.ஃபார்ம் சேர்க்கும் பெற்றோர் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் வருகிறார்களா, ஆய்வகம் நாள்தோறும் திறக்கிறதா என்று கேட்கட்டும். கண்காணிக்கும் அமைப்புகளும் ஆய்வு நாளோடு நின்றுவிடாமல் அதே கேள்வியைக் கேட்கட்டும். ஆசிரியரே இல்லாத துறையில் ஆசிரியர்களை உருவாக்கியவருக்கு அதுவே தகுந்த நன்றி.