டி.வி.எஸ் : ரேஸ் டிராக்கில் சீறும் 3 எழுத்து... மதுரையில் பஸ் ஓட்டிய சுந்தரம் ஐயங்கார் யார்?

ரேஸ் சீசன் தொடங்குவதற்கு முன்பு இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும், கோவை செட்டிபாளையம் டிராக்கிலும் பயிற்சி ஓட்டங்கள் நடக்கும். கார்ட் ரேஸ் பக்கம் போனால் அது பெரும்பாலும் குடும்ப விவகாரம். அப்பா ஸ்பேனரோடு குனிந்திருப்பார், பையன் ஹெல்மெட்டோடு காத்திருப்பான். டயரில் காற்று சரியா, செயின் தளர்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்வார்கள். வண்டி ஓடும் நேரத்தைவிட, வண்டியைத் தயார் செய்யும் நேரம்தான் அதிகம்.

பைக் ரேஸ் பக்கம் வந்தால், அங்கே கண்ணில் படும் பெயர்களில் முக்கியமானது டிவிஎஸ் ரேசிங். 1982-ல் தொடங்கப்பட்ட அணி இது. ஒரு வண்டி கம்பெனியே சொந்தமாக ரேஸ் டீம் நடத்துவது இந்தியாவில் அப்போது புதிது.

சரி, அந்த மூன்று எழுத்து யாருடையது? பைக்கையே பார்க்காமல் வாழ்ந்தவர் இல்லை என்றாலும், பைக் தயாரிக்கும் எண்ணமே இல்லாமல் வாழ்ந்து மறைந்த ஒரு மதுரைக்காரருடையது. அவர் ஓட்டியது பஸ்.

யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்?

திருக்குறுங்குடி வேங்கடம் சுந்தரம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் 'வி' என்பது வெங்காரம். திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், நம்பி கோயிலுக்குப் பெயர் போன திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22-ல் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் படித்த பிராமணக் குடும்பத்துப் பையன் என்றால் வக்கீல் தொழில் அல்லது அரசு உத்தியோகம், இரண்டில் ஒன்று. சுந்தரமும் அந்தப் பாதையில்தான் போனார். சட்டத் துறையில் கால் வைத்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், வங்கியிலும் இருந்தார். எதிலும் ஒட்டவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வியாபாரம் செய்யப் போகிறேன் என்றால் இன்றைக்கே வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 100 வருடத்துக்கு முன்பு என்னவாகியிருக்கும்?

ஆனாலும் 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. 'சன்ஸ்' என்று பெயரிலேயே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அடுத்த வருடம், 1912-ல், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 35.

ஏன் அந்த ரூட்?

தஞ்சாவூருக்கு ரயில் உண்டு. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். ஊர் பெரிது, ஆனால் ரயில் கிடையாது. ரயில் வந்தது 1920-களின் கடைசியில்தான். நடுவில் சுமார் 60 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் போனால் ஒரு நாள் போய்விடும். ரயில் போகாத இடத்துக்கு பஸ் விட்டால் ஆள் ஏறும் என்ற கணக்கு சரியாகவே இருந்தது.

மதுரையைச் சுற்றியும் இதே கதைதான். நகரத்துக்கு 1870-களிலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மேலூர், உசிலம்பட்டி பக்கத்துச் சமவெளி கிராமங்களில் விளைந்ததை, நெய்ததைச் சந்தைக்குக் கொண்டுவர வண்டிப் பாதைதான் வழி. அந்த இடைவெளியில்தான் மோட்டார் பஸ் நுழைந்தது. பிறகு சதர்ன் ரோடுவேஸ் வந்தது. பஸ்களும் லாரிகளும் அந்தப் பெயரில் ஓடின.

ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி கிளம்பும்

அன்றைக்கு பஸ் என்றால் ஆள் நிரம்பிய பிறகுதான் கிளம்பும். எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. வழியில் எங்கே நிற்கும், எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம்.

டி.வி.எஸ் பஸ்ஸில் இது நடக்காது. குறித்த நேரத்துக்கு வண்டி எடுக்கப்படும். பாதி சீட் காலியாக இருந்தாலும் சரி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் காலி சீட்டோடு போகும் ஒவ்வொரு நடையும் நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கொஞ்ச காலம் தாங்கிக்கொண்டால்தான், அடுத்த முறை பயணி அந்த நேரத்துக்கு வந்து நிற்பார். டி.வி.எஸ் பஸ் போவதைப் பார்த்து மதுரைப் பக்கத்தில் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றால் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. இங்கேதான் விஷயம் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது. அந்தக் கால எஞ்சின்கள் சீக்கிரம் சூடாகும். சாலைகளோ சரளைக் கல்லும் புழுதியும். ரேடியேட்டர், ஸ்பிரிங் பட்டை, பிரேக், டயர் என்று தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. ஆணி! காளைகளுக்கும் குதிரைகளுக்கும் லாடம் அடிக்கும் ஆணிகள் கழன்று சாலை முழுக்கக் கிடக்கும். அதில் ஏறினால் டயர் பஞ்சர். இதற்காகவே காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ரூட்டில் ஓடவிட்டு ஆணிகளை அள்ளியெடுத்தார்கள் என்பது டி.வி.எஸ் பற்றிச் சொல்லப்படும் பிரபலமான கதை. சாலை அரசாங்கத்துடையது, ஆணி மாட்டு வண்டிக்காரருடையது, ஆனால் பஞ்சர் நம்முடையது என்று யோசித்தவரின் வேலை அது. ரேஸ் டிராக்கைப் பயிற்சிக்கு முன்பு கூட்டிச் சுத்தம் செய்வது போலத்தான் இதுவும்.

பெட்ரோல் இல்லை, கரி இருக்கிறது

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் முதலாளிகள் பலருக்கும் வண்டியை ஷெட்டில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

அப்போது கைகொடுத்தது கேஸ் பிளான்ட். அடுப்பு மாதிரி ஒரு கலனை வண்டியில் மாட்டி, அதில் மரக்கரியைப் போடுவார்கள். குறைந்த காற்றில் கரி எரியும்போது எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். இந்தத் தொழில்நுட்பம் சுந்தரம் ஐயங்கார் கண்டுபிடித்தது அல்ல. ஐரோப்பாவிலும் போர்க்காலத்தில் இப்படித்தான் வண்டிகள் ஓடின. ஆனால் நம்மூர் பஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி டி.வி.எஸ் கேஸ் பிளான்ட் என்று தயாரித்துக் கொடுத்தது மதுரை நிறுவனம்.

சிரமம் இல்லாமல் இல்லை. கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கரியைப் பற்றவைத்து ஊதி ஊதிக் கனலாக்க வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் வேகம் கிடைக்காது. ஏற்றத்தில் வண்டி திணறும். சாம்பலையும் தாரையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஆனாலும் பஸ் ஓடியது.

பஸ்ஸோடு நிற்கவில்லை. பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழில், உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், கார் விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ் என்று விரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விநியோகஸ்தராக வளர்ந்தது. கவனித்தால் ஒன்று புரியும். பஸ் ஓட்டும்போது எதெல்லாம் தேவைப்பட்டதோ, அதெல்லாம் ஒவ்வொன்றாகத் தனிக் கம்பெனி ஆனது.

வீட்டுக்குள் வந்த சோதனை

தொழிலில் புதுமை. வீட்டில் ஆசாரமான வைணவக் குடும்பம். இந்த இரண்டும் மோதிக்கொண்டது மகள் சௌந்தரம் விஷயத்தில்தான்.

1904-ல் பிறந்த சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே உறவுக்குள் கல்யாணம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர் அதே நோய்க்குப் பலியானார். இளம் விதவை என்றால் வீட்டு மூலைதான் என்று இருந்த காலம். ஆனால் சௌந்தரம் மேலே படித்தார். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் முடித்து 1936-ல் டாக்டரானார்.

அதுவரை குடும்பம் கூட நின்றது. அடுத்தது நடந்தபோது நிற்கவில்லை. காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார் சௌந்தரம். அவர் கேரளத்துக்காரர், வேறு சாதி. விதவை மறுமணம், அதுவும் சாதி மாறி! பெற்றோர் எதிர்த்தார்கள். விவகாரம் காந்தி வரை போனது. இருவரும் ஓராண்டு பிரிந்து இருக்கட்டும், அப்போதும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்பது அவர் சொன்ன வழி. மனம் மாறவில்லை. 1940-ல் காந்தி முன்னிலையில் சேவாகிராமில் கல்யாணம் நடந்தது.

நேரம் தவறாமல் பஸ் விட்டு ஊரின் பழக்கத்தையே மாற்றிய மனிதர், மகளின் இந்த முடிவை ஏற்க முடியாமல் தவித்தார். அவர் வாழ்க்கையில் எளிதாகக் கடந்துபோக முடியாத பக்கம் இது. அந்த மகள்தான் 1947-ல் கணவருடன் சேர்ந்து, மதுரை-திண்டுக்கல் சாலையில் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார். பின்னாளில் மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகப் பணியாற்றினார்.

பிள்ளைகள் கைக்குப் போன சாவி

டி.எஸ்.ராஜம், டி.எஸ்.சந்தானம், டி.எஸ்.சீனிவாசன், டி.எஸ்.கிருஷ்ணா என்று மகன்கள் ஆளுக்கொரு பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே பொறுப்பு கைமாறியது. 1954-ல் சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்க நினைப்பவருக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

அவர் போன பிறகுதான் உற்பத்திப் பக்கம் வேகம் பிடித்தது. 1962-ல் சென்னை பாடியில் பிரேக் தயாரிக்க சுந்தரம் கிளேட்டன் வந்தது. இந்தப் பக்கத்தைக் கவனித்த சீனிவாசனின் மகன்தான் வேணு சீனிவாசன். முதலாளி வீட்டுப் பையன் என்று ஏசி ரூமில் உட்கார வைக்கவில்லை. பள்ளி விடுமுறையில் சுந்தரம் மோட்டார்ஸ் கேரேஜில் மெக்கானிக்காக வேலை பார்க்க வைத்தார்கள். கிரீஸ் கையோடு தொழில் பழகியவர்.

1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். பால்காரர் முதல் வாத்தியார் வரை எல்லோர் வீட்டு வாசலிலும் நின்றது. இரண்டே வருடத்தில் ரேஸ் டீம். 1994-ல் ஒரே மாடல் பைக்கில் எல்லோரும் மோதும் ஒன் மேக் சாம்பியன்ஷிப்பும் தொடங்கியது.

அந்த பஸ்கள் என்ன ஆயின?

சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய பஸ் சேவையை இன்று தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டில் பஸ் போக்குவரத்து அரசுடைமை ஆனபோது, மதுரைப் பக்கத்து டி.வி.எஸ் பஸ்கள் அரசிடம் போயின. 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது அவற்றை வைத்துத்தான். பெயர் மாறியது, பெயின்ட் மாறியது. அதே மேலூர், உசிலம்பட்டி ரூட்களில் வண்டி ஓடியது.

மதுரையில் டி.வி.எஸ் நகர் என்று ஒரு பகுதியே இருக்கிறது. மேல வெளி வீதியில் டி.வி.எஸ் அலுவலகம் இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம்.