குமிழிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர்: கில்பர்ட் ஃபவுலர்

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமானின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. இரவும் பகலும் அங்கே ஓர் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். சிறு வயதில் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. ஒருமுறை அது பழுதாகி நின்றபோதுதான் அதன் அருமை புரிந்தது. இரண்டே நாளில் துர்நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மா சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்.

அந்த இயந்திரத்தின் வேலை, கழிவுநீருக்குள் காற்றை ஊதுவது. அந்த முறைக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் ஜான் ஃபவுலர். உலக நீர்ச் சுத்திகரிப்புத் துறை நன்கறிந்த இவருக்கும் இந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஃபவுலர் 1868ஆம் ஆண்டு பிறந்தார். இரசாயனம் கற்று, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணியில் ஈடுபட்டார். அது பஞ்சாலைகளின் நகரம். மக்கள்தொகை பெருகப் பெருக ஆறுகள் சாக்கடையாகின. கற்படுகைகளின் மேல் கழிவுநீரைக் கசியவிட்டுச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பரந்த நிலம் தேவைப்பட்டது.

1912இல் ஃபவுலர் அமெரிக்கா சென்றார். மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரிடம் அதை விவரித்து, மேலும் ஆராயத் தூண்டினார்.

அவர்கள் போத்தல்களில் கழிவுநீரை நிரப்பிக் காற்றை ஊதினார்கள். முதல் தடவை அது முழுமையாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரக்கணக்கில் நடந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அந்தச் சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்ததே காரணம். 1914 ஏப்ரல் 3ஆம் நாள் இந்த ஆய்வு மான்செஸ்டரில் வாசிக்கப்பட்டது. கட்டுரையை எழுதியவர்கள் ஆர்டனும் லாக்கெட்டும். வழிகாட்டிய ஃபவுலர் அதன் ஆசிரியர்களுள் ஒருவர் அல்லர். ஆயினும் இந்த முறையின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

1916இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். 1921இல் அங்கு உயிர்வேதியியல் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனை ஆற்றில் விட்டு வீணாக்காமல் மண்ணுக்கு உரமாகத் திருப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். 1934இல் இதுபற்றி ஒரு நூலும் எழுதினார். பின்னாளில் அதே துறையில் வி. சுப்பிரமணியனும் எஸ்.சி. பிள்ளையும், அந்தச் சேற்றில் வாழும் புரோட்டோசோவா உயிரிகளின் பங்கை ஆராய்ந்து வெளிப்படுத்தினார்கள். ஃபவுலர் 1953இல் மறைந்தார்.

அவர் காலத்துச் சிக்கல் ஒன்று இன்றும் தீரவில்லை. ஆக்சிஜன் நீரில் எளிதில் கரையாது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் சுத்தமான நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். நம் நாட்டு வெப்பமான 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் சூட்டில் நுண்ணுயிர்களின் பசியோ கூடும். அதனால்தான் இத்தகைய நிலையங்களில் செலவாகும் மின்சாரத்தில் பாதி அளவு காற்று ஊதுவதற்கே போகிறது.

இதற்கு ஒரு வழி, குமிழியைச் சிறிதாக்குவது. அதே அளவு காற்றைப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால், நீரைத் தொடும் பரப்பு பத்து மடங்காகும். சிறு குமிழிகள் மெதுவாக மேலே வருவதால் ஆக்சிஜன் கரையக் கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆனால் அவற்றை வெளியிடும் நுண்துளைகள் அழுக்கால் அடைபடும். தவறாமல் சுத்தம் செய்யாவிட்டால் பயன் குறைந்துவிடும்.

நம் பங்கும் இதில் உண்டு. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் குமிழியின் மேல் படலமாகப் படிந்து ஆக்சிஜன் நீரில் சேர்வதைத் தடுக்கிறது. பொரித்த எண்ணெயோ நுண்ணுயிர்களின் வேலையைக் கூட்டுகிறது. எங்கள் வீட்டில் இப்போது பழைய எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வைக்கிறோம், சிங்கில் ஊற்றுவதில்லை. பின்வரிசை இயந்திரத்தின் இரைச்சலும் இப்போது எனக்குத் தொல்லையாகத் தெரிவதில்லை.