கற்கோயிலும் சொற்கோயிலும்

திருக்குடமுழுக்கு நன்னாளில், கோயில் எடுத்த பெருமக்களை நினைந்து வணங்குதல் நம் முன்னோர் கொண்ட நல்வழக்கம். அம்முறையில் இவ்வட்டாரத்து மெய்யன்பர்கள் முதற்கண் நினைதற்குரியவர் தெய்வச் சேக்கிழார் பெருமான் ஆவார். அவர் கல்லாலும் கோயில் எடுத்தார். சொல்லாலும் கோயில் எடுத்தார். அவ்விரண்டற்கும் அடிப்படையான கோயில் ஒன்று உண்டு என்பதை உலகிற்கு உணர்த்தியவரும் அவரே.

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே விளங்கும் குன்றத்தூர் அவர் அவதரித்த தலம். பண்டு அது தொண்டை நாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்திருந்தது. வேளாண் மரபில் சேக்கிழார் குடியில் தோன்றிய அவருக்கு இயற்பெயர் அருண்மொழித்தேவர். தம்பியார் பாலறாவாயர். உலகினும், மலையினும், கடலினும் பெரியவை யாவை எனச் சோழ மன்னன் வினவியபோது, இளமையிலேயே திருக்குறளைத் துணைக்கொண்டு விடையளித்து அவர் அரசவை புகுந்தார் என்பது செவிவழிச் செய்தி. காலத்திற் செய்த உதவி உலகினும் பெரிது. அடக்கமுடையார் தோற்றம் மலையினும் பெரிது. பயன் கருதாத உதவி கடலினும் பெரிது என்பன அவ்விடைகள். ஈகையையும் அடக்கத்தையும் போற்றிய அவ்விடைகளுக்கு அவருடைய பின்னாள் வாழ்வே உரையாயிற்று.

அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அவரை முதலமைச்சராக்கி, உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டமும் வழங்கினான். சோழநாட்டுத் திருநாகேச்சரத்துப் பெருமானிடம் அவர் பேரன்பு பூண்டார். அத்தலத்தின் பெயராலேயே தம் ஊராகிய குன்றத்தூரில் நாகேச்சரம் என்னும் திருக்கோயிலை எடுப்பித்தார். அக்கோயில் இன்றும் வழிபாடு பெற்று விளங்குகின்றது.

அந்நாளில் மன்னன் சீவகசிந்தாமணியின் சுவையில் தோய்ந்திருந்தான். அமைச்சரோ, இம்மைக்கும் மறுமைக்கும் துணையாவது திருத்தொண்டர் வரலாறே எனத் தயங்காது எடுத்துரைத்தார். சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகையையும், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் வழியாகக் கொண்டு அதனை விரித்துப் பாடுமாறு மன்னன் வேண்டினான். சேக்கிழார் தில்லை சென்றார். கூத்தப்பெருமான் அடியெடுத்துக் கொடுக்க, ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து திருத்தொண்டர் புராணத்தைப் பாடி முடித்தார். தனியடியார் 63 பேரையும், தொகையடியார் 9 கூட்டத்தாரையும் போற்றும் அந்நூல் 2 காண்டங்களும் 13 சருக்கங்களும் உடையது. 12ஆம் திருமுறையாகப் போற்றப்படுவது. மன்னன் ஓராண்டுக் காலம் அதன் பொருளைக் கேட்டு உருகினான். நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான். இவ்வரலாற்றை 14ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் பாடி வைத்தார்.

அப்புராணத்தில் நம் அண்டையூர் அடியார்களும் உளர். திருவேற்காட்டு மூர்க்க நாயனார் ஒருவர். ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூர்ப் பூசலார் மற்றொருவர். பூசலார் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்தார், எங்கும் கிடைத்திலது. மனத்திலேயே பொருள் திரட்டினார், தச்சரை அழைத்தார், அடிநிலை முதல் சிகரம் ஈறாக ஆகம முறை வழுவாது கட்டினார், கிணறும் குளமும் அகழ்ந்தார், குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ வேந்தன் தன் கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, அன்று நின்றவூர்ப் பூசலார் கோயிலில் புகுவதாகவும், அவனது விழாவைப் பிறிதொரு நாளில் வைக்குமாறும் பணித்தருளினான். வேந்தன் நின்றவூருக்கு வந்து தேடினான், கோயில் காணவில்லை, அன்பரையே கண்டு அடி பணிந்தான்.

ஓர் அரசனுடைய அமைச்சர், அவ்வரசன் கேட்க, வேந்தனது கற்றளிக்கு முன்னே ஏழையின் மனக்கோயிலில் இறைவன் புகுந்தான் என்று பாடினார். எத்துணைத் துணிவு! கேட்டு உவந்து கவரி வீசிய சோழனது பணிவுதான் எத்துணைப் பெரிது!

எனவே, கற்கோயில் வேண்டா என்பது பெருமான் கருத்தோ எனின், அன்று. வேண்டாவெனில் அவர் குன்றத்தூரில் நாகேச்சரம் எடுத்திரார். பல்லவன் கோயிலையும் இறைவன் விலக்கினானல்லன், நாளைத்தான் தள்ளினான். பொருளுடையார் கல்லால் எடுக்கலாம். இல்லார் நினைவால் எடுக்கலாம். இரண்டற்கும் அடிநிலை அன்பு ஒன்றே. பெருந்தொகை ஈந்தோர் பெயர் கல்லில் நிற்றல் தக்கதே. ஆயினும் திருவலகு ஏந்தியவர், மண் சுமந்தவர், ஈதற்கு ஒன்றுமின்றிக் கோபுரம் நோக்கிக் கைகூப்பியவர் ஆகியோரும் இக்கோயிலைக் கட்டியவர்களே.

ஆண்டுதோறும் வைகாசிப் பூச நாளில் சேக்கிழார் குருபூசை நிகழ்கின்றது. அன்று குன்றத்தூர் சென்று வழிபடுவோர் இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்துவாராக. திருத்தொண்டர் திருவடி வாழ்க!