டென்சிங் பிடித்த கயிறு

சிவனொளிபாத மலைக்கு ஏறியிருந்தால், உச்சியை நெருங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். பனிமலையில் அந்த வசதி ஏது? இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. ஒருவர் சறுக்கினால் மற்றவர் தாங்க வேண்டும். தவறினால் இருவருக்கும் முடிவுதான்.

டென்சிங் நோர்கே எழுதப் படிக்க அறியாதவர். 1935இல் சுமை தூக்குபவராக எவரெஸ்டுக்குச் சென்றார். 1953 ஏப்ரலில் அம்மலையின் பனிச்சரிவில் எட்மண்ட் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டக் குதித்தார். கால் வைத்த பனிப்பாளம் உடைந்து, உள்ளே விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் பனிக்கோடரியைக் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்மூடித் திறப்பதற்குள் நடந்த காரியம் அது. அதன் பிறகு, உச்சிக்குத் தமக்கேற்ற துணை இவரே என்று ஹிலாரி தீர்மானித்தார்.

மே 29ஆம் திகதி இருவரும் எவரெஸ்டின் உச்சியில் நின்றார்கள். உடனே பிறந்தது சண்டை: முதலில் கால் வைத்தவர் யார்? இந்தியாவிலும் நேபாளத்திலும் பலர் டென்சிங்கையே முதல்வராக்க விரும்பினார்கள். அவர் ஆமென்று சொல்லியிருந்தால் புகழ் முழுவதும் அவருக்கே. ஆனால் 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், ஹிலாரியே ஓரடி முந்தினார் என்று சொல்லிவிட்டார். கயிற்றில் பிணைந்தவர்களுக்குள் முதலென்ன, இரண்டாவதென்ன என்பது அவர் எண்ணம்.

1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகள் இளைஞர்களைப் பழக்கினார். 1986 மே 9ஆம் திகதி அந்த ஊரிலேயே காலமானார்.