மாதம் 30 ரூபாய் சம்பளம்... ராமானுஜனை உலகத்துக்குக் கொடுத்த சென்னைத் துறைமுக ஆபீஸ்!

கொடுத்த வேலையைச் செய்யணும், சம்பளம் வாங்கணும், வீட்டுக்குப் போகணும். நமக்குன்னு ஒரு கனவு இருந்தா, அதை ஆபீஸ் வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். நம்மில் பலருக்கு வேலை என்றால் இதுதான்.

ஆனால், 1912-ல் சென்னையில் ஒரு ஆபீஸ் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே அடிமட்ட கிளார்க்காகச் சேர்ந்த 24 வயது இளைஞரின் பெயர் சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜ் போனது, ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனது எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். அதற்கு முன்பு அவர் துறைமுகத்தில் கணக்கு எழுதிய 14 மாதங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கே என்ன நடந்தது? பார்க்கலாம்.

கணக்கில் புலி, மற்றதில் ஃபெயில்

1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். வீட்டில் பணக் கஷ்டம்.

டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் மிகக் குறைவு. அதிலிருந்து கணக்கைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. விளைவு? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

1909-ல் ஜானகியுடன் திருமணம். குடும்பம் வந்துவிட்டது. பட்டம் இல்லை, வேலை இல்லை. கையில் இருந்தது சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான்.

வேலை கொடுக்க மறுத்த நல்ல மனிதர்

1910-ல் அந்த நோட்டுகளோடு திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை.

நோட்டுகளைப் புரட்டிய ராமசாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. வருவாய்த்துறையின் கடைசிப் படியில் இவரை உட்கார வைத்தால் இந்தத் திறமை அங்கேயே செத்துப்போகும் என்று நினைத்தார். சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார்.

நல்ல எண்ணம்தான். ஆனா, பசிக்கு என்ன வழி?

அந்த நண்பர்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் மாதம் 25 ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரையும் கணிதக் கழகத்தின் இதழில் வெளியானது. இருந்தாலும், இன்னொருவர் தயவில் ரொம்ப நாள் வாழ அவருக்கு மனம் வரவில்லை. அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் சில வாரங்கள் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை பார்த்தார். பிறகு, 1912 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை கிளார்க். சம்பளம் 30 ரூபாய்.

கணக்குத் தெரிந்த மேலதிகாரி

ராமசாமி ஐயர் பயந்தது இந்த மாதிரி வேலையைப் பார்த்துத்தான். ஆனால், இங்கே அவர் பயந்தபடி நடக்கவில்லை. காரணம், அங்கே இருந்த இரண்டு பேர்.

முதல் ஆள் எஸ்.நாராயண ஐயர். துறைமுகத்தின் தலைமைக் கணக்காளர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளரும்கூட. பகலில் ராமானுஜனுக்கு அவர் மேலதிகாரி. ராத்திரியில்? திருவல்லிக்கேணியில் நாராயண ஐயர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள். பல்பம் தேயும் சத்தம் நள்ளிரவு தாண்டியும் கேட்குமாம்.

நாராயண ஐயர் செய்த முக்கியமான உதவி இன்னொன்று. ராமானுஜன் பத்துப் படி தாண்ட வேண்டிய இடத்தில் இரண்டே படியில் விடைக்குப் போய்விடுவார். அவருக்குப் புரியும், படிக்கிறவர்களுக்குப் புரியாது. கணிதம் தெரிந்த தனக்கே புரியலைன்னா மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று நாராயண ஐயர் விடாமல் கேட்டார். இடையில் உள்ள படிகளையும் எழுத வைத்தார். பாராட்டிவிட்டுப் போவது சுலபம். இது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

காகிதம் அன்றைக்கு விலை அதிகம். துறைமுகத்தில் பார்சல் சுற்றி வரும் தாளைத் தேடி எடுத்து அதிலும் கணக்குப் போட்டிருக்கிறார் ராமானுஜன்.

சேர்மனே பேனா எடுத்தார்

இரண்டாவது ஆள் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்தைச் சேர்ந்த இன்ஜினீயர், துறைமுகத்தின் சேர்மன். இன்றைய சென்னைத் துறைமுகத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். நாராயண ஐயர் மூலமாக இந்த கிளார்க்கைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது.

ராமானுஜனின் கணிதம் ஸ்பிரிங்குக்குப் புரியாது. அதற்காக அவர் அதை ஒதுக்கவில்லை. புரிந்தவர்கள் யார் என்று தேடினார். சென்னை இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் வழியாக, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் கட்டுரைகள் போயின. ஓட்டைகளைச் சுட்டிக்காட்டிய ஹில், திறமை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் ராமானுஜன். அதில் தன்னை துறைமுக ஆபீஸ் கிளார்க் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். பிப்ரவரியில் ஹார்டி பதில் எழுதினார். அதே மாதம் சென்னைக்கு வந்த வானிலைத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்ட ஸ்பிரிங் ஏற்பாடு செய்தார். வாக்கரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் போனது.

பட்டமே இல்லாத ராமானுஜனுக்கு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 1913 மே 1-ல் இருந்து கணக்குப் பிரிவு நாற்காலி காலி. தன் கிளார்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் துறைமுகம் வழிவிட்டது.

பிறகு என்ன ஆனது?

1914 மார்ச் 17-ம் தேதி அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. ஆனால் உலகப் போர், குளிர், சாப்பாட்டுப் பிரச்னை, நோய் எல்லாம் சேர்ந்து உடம்பை உருக்கின. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

இன்றைக்கு நமக்கு என்ன?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுக ஆபீஸ் ராமானுஜனை மேதை ஆக்கவில்லை. அவர் ஏற்கெனவே மேதை. அதோடு, அவருக்குக் கதவு திறந்தது ஒருவருக்கொருவர் அறிமுகமான படித்தவர்கள் வட்டம் ஒன்று இருந்ததால். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த எத்தனை பேர் கதவைத் தட்டக்கூட முடியாமல் போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனாலும், அந்த ஆபீஸ் செய்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு வழி செய்கிற நிலையான சம்பளம். சொந்தத் தேடலுக்கு மூச்சுவிட நேரம். தப்பை எடுத்துச் சொல்லி உடன் உட்கார்ந்த மேலதிகாரி. தனக்குப் புரியாததைப் புரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த முதலாளி. நேரம் வந்ததும் விட்டுக்கொடுத்த மனசு.

கிளார்க் வேலை திறமையைக் கொன்றுவிடும் என்று ராமசாமி ஐயர் பயந்ததில் தப்பே இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இந்த ஒரு தடவை நடக்காததற்குக் காரணம், பக்கத்து மேஜைக்காரர் பேரேட்டுக்கு நடுவில் என்ன எழுதுகிறார் என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்ததுதான். உங்க ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் சாயங்காலத்துக்கு மேல என்ன செய்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா?